இத்தாலி வண்டியும் வந்தவாசி மெக்கானிக்கும்

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)



போன மாசம் என் அக்கா போன் பண்ணினாள். "டேய், உன் மருமகன் ஏதோ இத்தாலி வண்டி வாங்கப் போறானாம். நேக்கட் பைக்காம். பேரே நல்லா இல்ல. சின்ன வயசுல உன் வண்டில பின்னாடி உக்கார வெச்சு நீ கெடுத்ததுதான். நீயே வந்து பேசு" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. சுமார் பத்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு இத்தாலிய நேக்கட் பைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், யாரையும் குறை சொல்ல இந்த எபிசோட் இல்லை. ஒன்றரை வருஷம் அது ஓடியது. அந்த ஒன்றரை வருஷமும் காலையில் பால் வாங்கப் போவதற்குக்கூட நான் சுற்றுவழியில்தான் போனேன். அப்புறம் ஒரு நாள் பெட்ரோல் பம்பு போச்சு. டேங்குக்குள்ளே உட்கார்ந்திருக்கும் கையளவு சாமான். அது வந்து சேர நாலரை மாசம் ஆனது. அதுவரை வண்டி எங்கள் வீட்டுத் திண்ணையில், கோரைக் கட்டுகளுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்தி நின்றது. அம்மா அதன் ஹேண்டில்பாரில் துண்டு காயப்போட ஆரம்பித்தாள். பார்ட்ஸ் வந்து, ஓடி, அடுத்த ரிப்பேர் வருவதற்குள் விற்றுவிட்டேன். வாங்கின விலையில் பாதிதான் கிடைத்தது.

அதனால் மருமகனிடம் "வேணாம்டா" என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கு. "வாங்குடா" என்று சொல்லவும் ஆசை இருக்கு. அவன் ஒரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறான். நாலு வருஷமாகச் சேர்த்த காசு. அவன் கேட்பது ஏப்ரிலியா டுவோனோ 457. பிப்ரவரி 2025-ல் இந்தியாவில் அறிமுகமானபோது ஷோரூம் விலை 3.95 லட்சம். வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் நாலரை லட்சத்தைத் தாண்டிவிடும். எங்கள் வீட்டில் அது ஒரு சின்னத் தொகை கிடையாது.

பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இத்தாலிக்காரன் செய்த வண்டி எல்லாமே நம்ம ஊரில் இப்படித்தான் திண்ணையில் நின்றதா? இல்லவே இல்லை. அந்தக் கதையைத்தான் இன்றைக்குப் பேசப் போறோம்.

மூடாத வண்டி

முதலில் அந்தப் பேரைச் சரிபண்ணிடலாம், அக்காவுக்காக. நேக்கட் பைக் என்றால் மேலே பிளாஸ்டிக் போர்வை இல்லாத வண்டி. எஞ்சின், சட்டம், சைலன்சர் குழாய் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அப்படிப் பார்த்தால் நம்ம ஊரில் ஓடின வண்டி எல்லாமே நேக்கட்தான். திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த புல்லட், மைசூரில் செய்த ஜாவாவும் யெஸ்டியும், ராஜ்தூத், அப்புறம் யமஹா ஆர்எக்ஸ் 100. யாரும் அவற்றை அப்படிக் கூப்பிடவில்லை. மூடின வண்டி வந்த பிறகுதானே மூடாததுக்குத் தனிப் பேர் வேண்டும்.

மூடி வந்தது பந்தயத்திலிருந்து. வேகமாகப் போகும்போது காற்று நெஞ்சில் மோதித் தள்ளும். அதைப் பிளக்க முன்னால் ஒரு கூடு வைத்தார்கள். 1980-களில் அந்தப் பந்தயக் கூட்டைச் சாலை வண்டிக்கும் போட்டு ஜப்பான் கம்பெனிகள் உலகம் பூராவும் விற்றன. எஞ்சின் எங்கே இருக்கு என்றே தெரியாத அளவுக்குப் பிளாஸ்டிக்.

அந்த நேரத்தில் இத்தாலியில், போலோன்யா ஊரில் இருந்த டுகாட்டி கம்பெனியில், அர்ஜென்டினாவில் பிறந்த மிகேல் கலூட்சி என்ற வடிவமைப்பாளர் வேறொரு வேலை செய்தார். புதுசாக எதையும் தயார் செய்யாமல், கம்பெனியிடம் ஏற்கெனவே இருந்த சாமான்களை எடுத்துச் சேர்த்தார். ஒரு மாடலின் எஞ்சின், இன்னொரு மாடலின் சட்டத்தை ஒட்டி ஒரு சட்டம், மேலே ஒரு குண்டு டேங்கு. அடுப்படியில் இருந்ததை வைத்தே வைத்த குழம்பு மாதிரி. 1992-ல் ஜெர்மனியில் கொலோன் கண்காட்சியில் காட்டினார்கள், 1993-ல் விற்பனைக்கு வந்தது. பேர் மான்ஸ்டர். அன்றிலிருந்து மூன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கு. கஷ்டத்தில் இருந்த கம்பெனியைத் தாங்கிப் பிடித்ததில் அந்தக் குழம்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏன் அப்படிப் பிடித்துப்போனது? அந்த வண்டியில் மறைக்க ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த சட்டம். கல்யாண மண்டபத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி. அதற்குள்ளே இரண்டு சிலிண்டர், ஒன்றுக்கொன்று 90 டிகிரி. ஒன்று முன்னால் படுத்திருக்கும், ஒன்று நிமிர்ந்து நிற்கும். இந்தக் கோணத்தில் இரண்டு சிலிண்டர் வைத்தால் ஒன்றின் உதறலை இன்னொன்று பெரும்பாலும் சமன்செய்துவிடும். ஆனால் வெடிப்புகள் சம இடைவெளியில் வராது. அதனால்தான் அந்தச் சத்தம். டக் டக் என்று சீராக இல்லாமல், தவில்காரர் கொஞ்சம் தள்ளி ஒரு அடி போடுவாரே, அப்படி.

இப்போ குறையையும் பார்க்கணும். நிமிர்ந்து நிற்கிற அந்தப் பின் சிலிண்டர் எங்கே இருக்கு? ஓட்டுபவனின் தொடைக்கு நடுவே. முன்னால் இருப்பதற்குக் காற்று நேராகப் படும், இதற்குப் படாது. மே மாச வெயிலில் வண்டி நகராமல் நிற்கும்போது அதன் மேல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

இன்னொன்று, வால்வு. சாதாரண எஞ்சினில் வால்வைத் திறக்க ஒரு நெம்பு இருக்கும், மூடுவதற்கு ஸ்பிரிங் இருக்கும். 1950-களில் ஸ்பிரிங்குகளை நம்ப முடியவில்லை. எஞ்சின் அதிவேகத்தில் சுற்றும்போது ஸ்பிரிங் பின்தங்கிவிடும். ஃபாபியோ தாலியோனி என்ற டுகாட்டி பொறியாளர் 1956-ல் ஒரு 125 சிசி பந்தய வண்டியில் இதற்கு வழி செய்தார். திறக்க ஒரு நெம்பு, மூட இன்னொரு நெம்பு, ஸ்பிரிங்கை நம்பவே வேண்டாம். டெஸ்மோ என்று இதற்குப் பேர். அருமையான யோசனை. ஆனால் சர்வீஸ் பண்ணும்போது திறக்கிற இடைவெளியையும் பார்க்கணும், மூடுகிற இடைவெளியையும் பார்க்கணும். வேலை இரட்டிப்பு. கேம் ஷாஃப்டைச் சுற்றுவதற்கு ரப்பர் பெல்ட் வேறு, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் காலக்கெடு வந்தால் மாற்றியாகணும்.

கவனிச்சீங்களா? எதற்காக அந்த வண்டியை விரும்புகிறோமோ, அதுவேதான் சிக்கலும். பந்தயக்காரனுக்காக யோசித்த எஞ்சின் அது. பந்தயக்காரனுக்குப் பக்கத்திலேயே மெக்கானிக் நிற்பான். நமக்கு நிற்பானா?

2012-ல் இந்தியாவுக்கு மான்ஸ்டர் 795 வந்தது. இத்தாலியிலிருந்து நேராக வந்தால் வரி தாங்காது என்று தாய்லாந்து ஆலையில் பூட்டி அனுப்பினார்கள். ஆசிய நாடுகளுக்கென்றே செய்த மாடல். விலை சுமார் ஆறு லட்சம். பணக்கார ஊர்களில் அது ஓடியது. வந்தவாசிக்கு அது போஸ்டராக மட்டும்தான் வந்தது.

மாமாவின் லாம்ப்ரெட்டா

சரி, இத்தாலி வண்டி என்றாலே இப்படித்தானா? இங்கேதான் என் தாய்மாமா வருகிறார்.

அம்மா பிறந்தது ஆரணி. மாமா பட்டுத் தறி வைத்திருந்தார். ஜரிகை வாங்கக் காஞ்சிபுரம், நெய்த சேலையைக் கொடுக்கக் காஞ்சிபுரம். போய்வர அவரிடம் இருந்தது ஒரு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர். முன்னால் கால் வைக்கிற இடத்தில் நூல் மூட்டை, பின்னால் அத்தை, அத்தை மடியில் சேலைக் கட்டு. மழை வந்தால் அத்தை நனையலாம், சேலை நனையக் கூடாது. எனக்கு நினைவு தெரிந்து அந்த வண்டி இருபது வருஷம் ஓடியது.

லாம்ப்ரெட்டா சுத்தமான இத்தாலி வண்டி. மிலான் நகரின் லம்ப்ராத்தே பகுதியில் ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி என்பவருக்கு இரும்புக் குழாய் ஆலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அடிவாங்கின ஆலையை வைத்துக்கொண்டு, ஏழை நாட்டுக்கு என்ன விற்கலாம் என்று யோசித்து 1947-ல் இறக்கினது அது. ஊர்ப் பேரையே வண்டிக்கு வைத்துவிட்டார்.

அது இந்தியாவுக்கு எப்படி வந்தது? சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு யார் பேர்? எம்.ஏ. சிதம்பரம். கிரிக்கெட் வாரியத் தலைவர் என்றுதான் பலருக்குத் தெரியும். பிரிட்டனின் ரூட்ஸ் குழுமம் 1949-ல் பம்பாயில் தொடங்கின ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சுருக்கமாக ஏபிஐ, பின்னால் அவர் கைக்கு வந்தது. அந்தக் கம்பெனிதான் இன்னொசென்டியிடம் உரிமம் வாங்கி இங்கே லாம்ப்ரெட்டா செய்தது. ஆலை பம்பாயிலும் ஔரங்காபாதிலும், நம்ம அம்பத்தூரிலும் இருந்தது.

இத்தாலியில் 1970-களின் தொடக்கத்திலேயே லாம்ப்ரெட்டா நின்றுபோனது. இன்னொசென்டியின் இயந்திரங்களை இந்திய அரசே வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட்டைத் தொடங்கியது. விஜய் சூப்பர் அங்கிருந்து வந்ததுதான். லாம்ப்ரெட்டா என்ற பேரும் அங்கே போய்விட்டதால் ஏபிஐ தன் வண்டிக்கு 'லாம்பி' என்று பேர் வைத்தது. அந்த லாம்பி, இத்தாலியில் 1959-ல் வந்த மாடல். அவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் அதைக் கைவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். நாம் 1980-களிலும் அதையே செய்துகொண்டிருந்தோம்.

இதை நாம் கேலியாகச் சொல்வோம். லைசென்ஸ் ராஜ், புது மாடல் கிடையாது, புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும் என்று. எல்லாம் உண்மைதான். வாங்குபவனுக்கு அது கொடுமை. ஆனால் அதே கொடுமைக்குள் ஒரு நல்லது நடந்தது. ஒரே வண்டி முப்பது வருஷம் மாறாமல் ஓடினதால் ஊருக்கு ஒரு ஆள் அதைக் கரைத்துக் குடித்தான். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துப் போடுவது எங்கள் அத்தைக்கே தெரியும். கிளட்ச் பிளேட், கேபிள், பிஸ்டன் ரிங் எல்லாம் ஆரணி கடைத்தெருவிலேயே கிடைத்தது. அப்பா வண்டியின் சாமான் பிள்ளை வண்டிக்குப் பொருந்தும்.

ஆரணிக்காரர்களுக்கு இது புதுசில்லை. பட்டுத் தறி மேலே ஒரு பெட்டி இருக்குமே, பூ விழுவதற்கு, ஜக்கார்டு பெட்டி. ஜக்கார்டு என்பது ஒரு ஆளின் பேர். 1804 வாக்கில் பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காக அவர் செய்தது. இன்றைக்கு ஆரணியில் போய் "இது பிரான்சுக்காரன் சாமான்" என்று சொன்னால் சிரிப்பார்கள். அட்டை அடிக்கத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். ஊசி வளைந்தால் நிமிர்த்த ஆள் இருக்கு. அதனால் அது ஆரணிப் பெட்டி. வண்டிக்கும் அதே கணக்குதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு இயந்திரத்தின் சொந்த ஊர், அதை ரிப்பேர் பண்ணத் தெரிந்தவன் இருக்கிற ஊர்.

ஆறு பிள்ளைகளின் அம்மா

இந்த எண்ணத்தோடு இத்தாலிக்குத் திரும்பினால் ஒரு வேடிக்கை இருக்கு.

அட்ரியாட்டிக் கடலோரத்தில் பெசாரோ என்று ஒரு ஊர். அங்கே தெரேசா பெனெல்லி என்று ஒரு விதவை. ஆறு பிள்ளைகள். கையில் இருந்த குடும்பச் சொத்தைப் போட்டு 1911-ல் பிள்ளைகளுக்கு ஒரு தொழில் வைத்துக் கொடுத்தார். என்ன தொழில்? சைக்கிள், மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை. பெனெல்லி என்று இன்று நாம் சொல்கிற கம்பெனியின் ஆரம்பம் அதுதான். நம்ம பஜார் வீதியில் இருக்கிற மாதிரி ஒரு மெக்கானிக் கடை. சாமான் கிடைக்காதபோது அவர்களே செய்தார்கள். அப்புறம் எஞ்சின் செய்தார்கள். கடைக்குட்டி தோனினோ அந்த வண்டியில் பந்தயம் ஓட்டி 1927, 1928, 1930, 1931 என நாலு முறை இத்தாலிய சாம்பியன் ஆனான்.

அந்தப் பேர் இந்தியாவுக்கு வந்தது 2015-ல். அதற்குள் பத்து வருஷம் முன்பே கம்பெனி சீனாவின் சியென்சியாங் குழுமத்துக்குப் போயிருந்தது. இங்கே ஒரு இந்தியக் கூட்டாளி புனே பக்கம் பூட்டி விற்றார். டிஎன்டி 300, டிஎன்டி 600ஐ. டிஎன்டி என்றால் வெடிமருந்து என்று பையன்கள் நினைத்தார்கள். அதன் விரிவு 'டொர்னாடோ நேக்கட் த்ரே'. இத்தாலியில் 'த்ரே' என்றால் மூன்று. மூன்று சிலிண்டர் வண்டிக்கு வைத்த பேர். 300-க்கு இருந்தது இரண்டு சிலிண்டர், 600-க்கு நாலு. பேர் மட்டும் தங்கிவிட்டது!

ஆனால் அந்த 600-இன் சத்தம் இருக்கே, அதற்கு மயங்காத ஆள் கிடையாது. சுமார் ஐந்து லட்சத்துக்கு நாலு சிலிண்டர் என்பது அதுவரை இந்தியாவில் நினைத்துப் பார்க்க முடியாதது. சீட்டுக்கு அடியிலிருந்து வரும் சைலன்சர். எடை 230 கிலோவுக்குப் பக்கம். சென்னையில் காலேஜ் பையன்கள் கடன் வாங்கி எடுத்தார்கள். 2018-ல் அந்த இந்தியக் கூட்டாளி பணச் சிக்கலில் மாட்டி விற்பனை நின்றது. அந்த வருஷக் கடைசியில் ஹைதராபாதிலிருந்து வேறொரு கூட்டாளி எடுத்து நடத்த ஆரம்பித்தார். நடுவில் இருந்த அந்த மாசங்களில் வண்டி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை அவர்களைத்தான் கேட்கணும். வண்டி அதே வண்டிதான். பின்னால் நின்ற கை ஒன்று விலகினதும் அது அனாதை ஆனது.

ரிப்பேர் கடையாகப் பிறந்த ஒரு பேருக்கு, நூறு வருஷம் கழித்து நம்ம ஊரில் குறைந்ததே ஒரு ரிப்பேர் கடைதான்.

இடி என்று ஒரு வண்டி

இனி மருமகனின் வண்டிக்கு வரலாம். டுவோனோ என்றால் இத்தாலியில் இடி. ஏப்ரிலியா கம்பெனி வெனிசுக்குப் பக்கத்தில் நோவாலே என்ற ஊரில் 1945-ல் சைக்கிள் பட்டறையாக ஆரம்பித்தது. 1968-ல் நிறுவனரின் மகன் இவானோ பெஜ்ஜோ பொறுப்பெடுத்து மோட்டார் சைக்கிள் பக்கம் திருப்பினார். 2004-ல் வெஸ்பா செய்யும் பியாஜியோ அதை வாங்கியது. அந்த பியாஜியோவுக்கு மகாராஷ்டிராவில் பாராமதியில் ஆலை இருக்கு. இந்த 457 அங்கேதான் தயாராகிறது. அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போகிறது.

அது என்ன 457 என்று கணக்கு? ஐரோப்பாவில் இளம் வயதுக்காரர்களுக்கு ஏ2 என்று ஒரு லைசென்ஸ். அதற்கு 35 கிலோவாட்டுக்கு மேல் சக்தி கூடாது. 35 கிலோவாட் என்றால் 47.6 குதிரைசக்தி. இந்த வண்டியின் சக்தி சரியாக அதே 47.6. அந்தக் கோட்டைத் தொட்டு நிற்கும்படி எஞ்சினைச் செய்திருக்கிறார்கள். பெட்ரோலோடு எடை 175 கிலோ, அலுமினியச் சட்டம், இரண்டு சிலிண்டர், தண்ணீர் கூலிங். நான் வைத்திருந்த வண்டியைவிட எடையும் குறைவு, சூடும் நிச்சயம் குறைவாகத்தான் இருக்கும்.

குறை? டேங்கு 12.7 லிட்டர்தான். பின் சீட்டு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பலகை. அதில் அக்காவை உட்காரவைத்துச் செய்யாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாது. ஒரு கோரைக் கட்டு, ஒரு கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, எதுவும் ஏறாது. மாமாவின் லாம்ப்ரெட்டா ஒரு குடும்பத்தையும் ஒரு தொழிலையும் சுமந்தது. இது ஒருத்தனை மட்டும் சுமக்கும், அவனைச் சந்தோஷமாகச் சுமக்கும். அது தப்பில்லை. இருபத்தாறு வயசில் தனக்காக மட்டும் ஒன்று வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? வீட்டில் இன்னொரு வண்டி இருக்கணும், அவ்வளவுதான்.

பெரிய கேள்வி வேறு. இந்த வண்டி பாராமதியில் பிறப்பதால் லாம்பி மாதிரி நம்ம ஊர் வண்டி ஆகிவிட்டதா?

திறப்பேன், மூடுவது யார்?

பஜார் வீதிக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். லாம்பியில் தொழில் கற்றவர், இன்றைக்கு பிஎஸ்-6 வண்டிகளுக்கு லேப்டாப் வைத்து ஸ்கேன் பார்க்கிறார். மருமகனையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். மொபைலில் வண்டி படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். சைலன்சர் போகும் வழி, ரேடியேட்டர், செயின் எல்லாம் பார்த்தார்.

"நல்லா கீதுபா. சுத்தமா பண்ணிக்கீறான்" என்றார்.

"ரிப்பேர் வந்தா நீங்க பாப்பீங்களா அண்ணா?"

"ஏன் பாக்க மாட்டேன்? எஞ்சின் எல்லாம் ஒண்ணுதான் தம்பி. நான் தொறந்துடுவேன். உள்ள ஒரு ரப்பர் போயிருக்குதுன்னு வை, அத யார் குடுப்பா? ஹீரோ வண்டினா எதிர் கடையில கீது. இதுக்கு நான் எங்க போவேன்? தொறந்தத மூடணுமே."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த நாலரை மாசத் திண்ணை ஞாபகம் வந்தது.

அவர் சொன்னதில் ஒரு நுணுக்கம் இருக்கு. இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, அதனால் ஊர் மெக்கானிக் தொட முடியாது என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. 2020-க்குப் பிறகு வந்த சாதாரண நூறு சிசி வண்டியிலும் கம்ப்யூட்டர் இருக்கு, அதையும் அவர் பார்க்கிறார். ஏன் என்றால் தெருவுக்குப் பத்து இருக்கு. பத்து வண்டி இருந்தால் ஸ்கேனர் வாங்கலாம், கடைக்காரர் சாமான் வைப்பார், பையன்கள் கற்றுக்கொள்வார்கள். ஊருக்கே ஒரு வண்டி என்றால் எதுவும் நடக்காது. நம்ம மருமகன் வாங்கினால் வந்தவாசிக்கு அது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பதும் அதனால்தான், கஷ்டமும் அதனால்தான்.

அதனால் மருமகனிடம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சில விஷயம் கேட்டேன். அங்கீகரித்த சர்வீஸ் இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், வண்டி நின்றுபோனால் அங்கே கொண்டுபோக வண்டி அனுப்புவார்களா, அதற்கு யார் காசு? கிளட்ச் லீவர், பிரேக் பேட், பெட்ரோல் பம்பு, முன் லைட் இந்த நாலும் இப்போது ஸ்டாக்கில் இருக்கா, இல்லாவிட்டால் எத்தனை நாள்? சர்வீஸ் ஆளிடம் நேரில் கேள், விற்கிற ஆளிடம் கேட்காதே என்றேன். சென்னைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். சர்வீசுக்கு ஒரு நாள் லீவு போடணும், அதையும் செலவில் எழுது என்றேன். இரண்டு மாசம் வண்டி நின்றால் ஒரகடத்துக்கு எப்படிப் போவாய் என்றும் கேட்டேன். அவன் கம்பெனி பஸ் இருக்கு என்றான். அது நல்ல பதில். அந்த பஸ் இல்லாவிட்டால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டார்கள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வெளியூர்ச் சாமான் இந்த ஊருக்கு வருவது ரொம்பப் பழைய கதை. வந்ததில் எது தங்கியது என்பதுதான் கேள்வி. ஜக்கார்டு பெட்டி தங்கியது, லாம்ப்ரெட்டா முப்பது வருஷம் தங்கியது. அந்த 457 தங்குமா என்று சொல்ல இன்னும் பத்து வருஷம் ஆகும். ஒரு நாள் நம்ம அண்ணன் கடைக்கு எதிரிலேயே அதன் ரப்பர் கிடைத்தால், தங்கிவிட்டது என்று அர்த்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் சென்னைக்குப் போய் டெஸ்ட் ரைடு எடுத்துவிட்டு வந்தான். என் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தான். பாதிக்குத்தான் பதில் கிடைத்ததாம். மீதிக்கு போன் பண்ணுகிறோம் என்றார்களாம். இன்னும் புக் பண்ணவில்லை. அக்கா சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள், "எப்படிடா இருந்துச்சு?"

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் சாப்பிட்டான். அப்புறம், "சத்தம் நல்லா இருந்துச்சும்மா" என்றான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் லாம்ப்ரெட்டாவோ லாம்பியோ விஜய் சூப்பரோ ஓடியிருந்தால், அதை யார் ரிப்பேர் பண்ணினார்கள், அவர் இப்போது என்ன செய்கிறார் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த எபிசோடில் பேசலாம்.